அலாஸ்காவுக்குக் கப்பல் பயணமா? டிக்கெட் போடும் முன் இதைக் கேளுங்கள்

அலாஸ்கா சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் விலையையும் அறையையும் மட்டும் பார்க்காதீர்கள், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கரையிலிருந்து மின்சாரம் எடுக்குமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். எடுக்காத கப்பல் நிற்கும் நேரம் முழுக்க தன் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும், அந்தப் புகை ஊருக்குள்தான் போகும். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவின் துறைமுகத்தில் 2001லேயே இந்த வசதி வந்துவிட்டது, ஆனால் எல்லாக் கப்பல்துறையிலும் இல்லை. அதனால் உங்கள் கப்பல் எங்கே நிற்கும் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது ஸ்க்ரப்பர், அதாவது கப்பலின் புகையைச் சுத்தம் செய்யும் கருவி. புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த அழுக்கு நீரைத் திரும்பக் கடலிலேயே விடும் வகை உண்டு. காற்று சுத்தமாகிறது, சரி, ஆனால் கந்தகமும் உலோகங்களும் மீன்கள் வாழும் இடத்துக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். குறைந்த கந்தக எரிபொருளில் ஓடும் கப்பல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அப்புறம் திமிங்கிலம் பார்க்கும் படகு. அங்கே கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்பது சட்டம். 'கிட்டப் போய்க் காட்டுகிறோம்' என்று ஆசை காட்டும் படகில் ஏறாதீர்கள், திமிங்கிலத்தைத் தொந்தரவு செய்யாமல் காட்டுவதற்கான 'வேல் சென்ஸ்' திட்டத்தில் சேர்ந்த படகுகளைத் தேடிப் பிடியுங்கள். கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும், குட்டியோடு மேலே வரும் தாயைத் தூரத்திலிருந்தே கண்குளிரப் பார்க்கலாம்.