போலி வாத்தைக் கண்டு நிஜ வாத்து ஏன் விலகிப் போகிறது?

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு காலை. காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டா நிலத்துக் குட்டையோரம் இரண்டு தம்பிகள் கேமராவோடு காத்திருந்தார்கள். நிஜ வாத்துகளை இறங்க வைக்கத் தண்ணீரில் பத்துப் போலி வாத்துகள். ஏரிப் பக்கமிருந்து, வலசை வரும் நீலச்சிறகி வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. தாழ்ந்தது, ஒரு வட்டம் போட்டது, அப்படியே மேலேறிப் போய்விட்டது. "மறைப்பு சரியில்லையாண்ணா?" என்று கேட்டார்கள். மறைப்பு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரில் மிதந்தவற்றைப் பார்த்தபோதுதான், பத்து வருடத்துக்கு முன் நான் வைத்த அதே வாத்துகள் மறுபடி வந்து நிற்பதுபோல் இருந்தது.

அசையாதே, பேசாதே, பளிச்சென்ற சட்டை போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன். போலி வாத்து மிதக்கவிடும் வித்தை வெளிநாட்டு வேட்டைக்காரர்களுடையது. நம் ஊரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவதும் வலை வைப்பதும் குற்றம். வட அமெரிக்காவில் அவர்கள் துப்பாக்கியோடு உட்காரும் இடத்தில் நாம் கேமராவோடு உட்காருகிறோம். ஆனால் பறவைக்குச் சந்தேகம் வரும் காரணங்கள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். நாம் செய்யும் அந்தத் தவறுகள் இவை.

வாலில் கட்டிய கயிறு

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

கல்யாண முருங்கைக் கட்டையில் 12 வாத்துகள் செதுக்கி வாங்கினேன். கயிறு கட்டும் கொக்கியைத் தச்சர் வால் பக்கம் அடித்திருந்தார். கயிறு வெளியே தெரியாது, நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். கயிற்றின் மறுமுனையில் கல்லைக் கட்டிக் குட்டையில் இறக்கினேன். தென்மேற்குக் கரையில் மறைப்பு போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டும் என் பக்கமாகவே முகம் காட்டி மிதந்தன. பார்க்க அவ்வளவு அழகு.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது, மார்கழியும் போனது. நீலச்சிறகி வந்தது, புள்ளிமூக்கு வாத்து வந்தது. எல்லாமே மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. நான் மறைப்பை மாற்றினேன், துணியை மாற்றினேன், இருட்டோடு வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தை மாதம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்த ஒரு பெரியவர் கரையில் நின்று பார்த்தார். "ஏன் சார், உங்க வாத்து எல்லாம் காத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்குது?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். தண்ணீரில் ஓய்வெடுக்கும் வாத்து காற்று வரும் பக்கம்தான் முகம் வைக்கும். பின்னாலிருந்து காற்றடித்தால் இறகு தூக்கிக்கொள்ளும், குளிர் உடம்பில் ஏறும். ஆபத்து என்றால் எழும்பிப் பறப்பதற்கும் எதிர்க்காற்றுதான் வசதி. அதனால் மேலேயிருந்து பார்த்தால் நிஜக் கூட்டத்தின் அலகுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும். என் வாத்துகளைக் கயிறு வாலில் பிடித்திருந்தது. வடகிழக்குக் காற்று தள்ளத் தள்ள அவை தென்மேற்கே திரும்பி நின்றன. நெஞ்சுப் பக்கம் கட்டியிருந்தால் நங்கூரமிட்ட படகு மாதிரி தானாகவே காற்றை நோக்கித் திரும்பியிருக்கும்.

நான் உட்கார்ந்த இடமும் தவறு. வாத்து எதிர்க்காற்றில்தான் இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் அது தென்மேற்கிலிருந்து, அதாவது என் முதுகுப் பக்கத்திலிருந்து, என் தலைக்கு மேலாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போதே மறைப்புக்குள் குனிந்து பார்த்துவிடும். போதாததற்குக் காலை வெயில் நேரே லென்ஸில். கிழக்கும் வடகிழக்குமான கரையில் உட்கார்ந்தால் காற்றும் வெயிலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவை நெஞ்சில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு நம்மை நோக்கி இறங்கும். நம் பக்கத்தில் மழைக்காலக் காற்றும் காலை வெயிலும் இப்படி ஒத்துப்போவது பெரிய வசதி. அதைத் தெரியாமல் ஒரு பருவத்தையே தொலைத்தேன். அந்தத் தம்பிகளின் பத்து வாத்துகளுக்கும் கயிறு வாலில்தான் இருந்தது.

நெருக்கி வைப்பது

பயந்த வாத்துகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கழுத்தை நிமிர்த்தும். நெருக்கமாக, கழுத்து நீட்டிய போலிகளை வைத்தால் வருகிற கூட்டத்துக்கு நாம் சொல்லும் சேதி 'இங்கே இறங்காதே' என்பதுதான். கழுத்தை உள்ளே இழுத்தபடி செதுக்கச் சொல்லுங்கள். இரண்டும் மூன்றுமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். காற்று போகும் பக்கம், அதாவது பறவை வரும் பக்கம், வாய் திறந்த மாதிரி வெற்றுத் தண்ணீரை விடுங்கள். இறங்க இடமில்லாத குட்டையில் வாத்து எங்கே இறங்கும்?

ஐப்பசியிலேயே மாப்பிள்ளைக் கோலம்

படத்தைப் பார்த்து வண்ணம் அடிப்பதால் வருவது இது. நீலச்சிறகி ஆண் என்றாலே எல்லாரும் அந்த வெள்ளைப் புருவத்தைத் தீட்டிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வந்திறங்கும்போது ஆணும் பெட்டையைப் போலப் பழுப்பாகத்தான் இருக்கும். புருவம் எடுப்பாகத் தெரிய மாசி வாக்கில் ஆகிவிடும். அதுவரை பழுப்பே போதும். புள்ளிமூக்கு வாத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஆணும் பெட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், வருடம் முழுக்க நம் ஏரிகளிலேயே இருக்கும். முதன்முதலாகச் செய்கிறவர்கள் அதையே செய்யலாம்.

எனாமல் பெயிண்ட்

வேண்டாம். நம் கண்ணில் நிறமறியும் செல்கள் மூன்று வகை, பறவைக்கு நான்கு. நனைந்த எனாமலின் மினுக்கு நமக்கே கண்ணைக் கூசுகிறது.

ஈயக் குண்டு

கயிற்றுக்குக் கல் போதும், பழைய இரும்பு நட்டு போதும். சேற்றில் கிடக்கும் ஈயத்தை, இரை அரைய விழுங்கும் பொடிக்கல்லோடு சேர்த்து விழுங்கி வாத்துகள் விஷமேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே 1991-இல் நாடு முழுக்க நிறுத்தினார்கள்.

ஏரியில் மிதக்கவிடுவது

கூடாது. நிலத்துக்காரர் சம்மதித்த குட்டையில் மட்டும்.

தினமும் ஒரே இடம்

ஒரு நாள் வைத்தால் நான்கு நாள் விடுங்கள். நாள் முழுக்க இடம் மாறாமல் நிற்கும் கூட்டத்தை மூன்றாவது நாளே அடையாளம் கண்டுகொள்கின்றன. காற்றில்லாத காலையில் வைக்கவே வேண்டாம். அலையில்லாத தண்ணீரில் கட்டை கட்டையாகத்தான் தெரியும்.

அன்று கரையிலேயே உட்கார்ந்து பத்துக் கொக்கிகளையும் பிடுங்கி நெஞ்சுப் பக்கம் அடித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிகள் கிழக்குக் கரைக்கு மாறி உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்கு முன்பே ஐந்து நீலச்சிறகிகள் கால் நீட்டி இறங்கும் படம் என் போனுக்கு வந்துவிட்டது. ஐந்தும் பழுப்பு.