கென்னடி ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா? ஒய் டிஎன்ஏ சொல்லும்

கென்னடி என்ற குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தின் அயர்ஷயரிலும் உண்டு, அயர்லாந்தின் டிப்பரரியிலும் உண்டு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கரை என்று சொல்ல முடியாது. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 1609-இல் தொடங்கிய குடியேற்றத்தில் ஏராளமான ஸ்காட்டியர்கள் அயர்லாந்துக்குப் போனதால் குழப்பம் இன்னும் கூடியது.

இதற்கு எடுக்க வேண்டியது ஒய் டிஎன்ஏ பரிசோதனை. "ஸ்காட்லாந்து இத்தனை சதவீதம்" என்று காட்டும் சாதாரணப் பரிசோதனை இங்கே உதவாது. அது எல்லா முன்னோர்களையும் கலந்து சொல்கிறது. ஒய் குரோமோசோமோ, குடும்பப் பெயரைப் போலவே, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. பெண்களிடம் அது இல்லை. அவர்கள் அப்பா, அண்ணன், தம்பி, சித்தப்பா என அதே வழியில் வந்த ஒருவரைக் கேட்டு எடுக்க வேண்டும்.

முடிவில் உங்கள் ஆண்வழிக் கிளையின் குறியீடு ஆர்-எல்226 என்று வந்தால், அயர்லாந்தின் கிளேர், டிப்பரரி பக்கத்து டால் காஸ் குலத்தோடு தொடர்பிருக்க நல்ல வாய்ப்பு. ஆர்-எம்222 என்றால் அவசரப்பட வேண்டாம். வடமேற்கு அயர்லாந்தில் மிகுதியாக இருந்தாலும், ஸ்காட்லாந்தின் தெற்கிலும் அது காணப்படுகிறது. அப்போது 'பிக் ஒய்' போன்ற ஆழமான பரிசோதனைதான் கிளையைப் பிரித்துக் காட்டும். விலை அதிகம்தான். அதனால் முதலில் இந்தப் பரிசோதனையைச் செய்யும் ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ நிறுவனத்தின் தளத்தில், உங்கள் குடும்பப் பெயர் உள்ளவர்கள் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இருக்கிறதா என்று பாருங்கள்.

தத்து, பெயர் மாற்றம் எங்காவது நடந்திருந்தால் பெயரும் குரோமோசோமும் ஒத்துப்போகாது. ஸ்காட்லாந்தில் 1855 முதலும் அயர்லாந்தில் 1864 முதலும் உள்ள பிறப்புப் பதிவுகளைக் கூடவே வைத்துச் சரிபாருங்கள்.