காலையில் படுவான்கரை, பின்னேரம் எழுவான்கரை: மட்டக்களப்பு, அம்பாறையில் சைக்கிள் பயணம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். சைக்கிள் பயணத்துக்கு நேரம் குறிக்க இந்த இரண்டு பெயரும் போதும். விடியற்காலை வெளிக்கிட்டு மேற்கே போனால் வெயில் முதுகில் படும், கண்ணில் குத்தாது. பின்னேரம் கிழக்கே திரும்பும்போதும் அப்படித்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றும் திரும்பி வருகையில் முதுகில் தள்ளும். யானைகள் குளத்துக்கு இறங்கும் பொழுதுக்குள் நீங்கள் வாவிக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். கீழே சொல்லும் பாதைகள் எல்லாம் இந்தக் கணக்கில் போட்டவை.

கச்சானை லேசாக எண்ண வேண்டாம். சமதரையில் மணிக்கு 16 கிலோமீற்றர் ஓடுகிறவர் அதற்கு எதிரே மிதித்தால் 9, 10க்கு இறங்கிவிடுவார். காற்று சூடாகவும் வறண்டும் இருப்பதால் வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துபோகும். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்பது தலையிடி தொடங்கும்வரை தெரியாது. ஒருவருக்கு 3 லீற்றர் தண்ணீரோடு வெளிக்கிடுங்கள். அதில் ஒரு லீற்றரில் ஒரு பக்கற் ஜீவனியை (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்பும் சீனியும் கலந்த தூள்) முழுவதாகக் கரையுங்கள். அரைப் பக்கற்றைக் கண்மட்டாகக் கரைத்தால் உப்பும் சீனியும் அளவு தப்பும். படுவான்கரையில் அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையே 10 கிலோமீற்றருக்கும் கடை இல்லாத வீதிகள் இருக்கின்றன. ஒரு போத்தல் பாதியானதுமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நல்ல காலம் பெப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை. மாரி மழையில் நிறைந்த குளங்கள் அப்போது வற்றியிருக்காது, வெயிலும் முற்றியிருக்காது. ஆனால் அந்த மாதங்களில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று கிழக்கேயிருந்து வரும். திரும்பும் வழியில் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் எதிர்க்காற்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, அரை மணித்தியாலம் முன்னதாகத் திரும்புங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை தாம்போதிகள்தான், அதாவது வெள்ளம் மேலால் ஓடும்படி தாழ்வாகப் போட்ட வீதித் துண்டுகள்தான், பிரச்சினை. குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் வீதியை மேவி ஓடும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கக் கூடாது. சில்லில் மோதும் நீர் சைக்கிளைப் பக்கவாட்டில் இழுக்கும், சைக்கிளைப் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுக்கும். ஓரம் அரித்துப்போயிருந்தால் கலங்கல் தண்ணீரில் அது தெரியாது. 2024 நவம்பரில் காரைதீவுக்குப் பக்கத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தையே புரட்டி மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது. வீதியின் ஓரக் கட்டைகள் தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள்.

சைக்கிள்

இங்கே ஏற்றம் அதிகமில்லை. கியர் இல்லாத சைக்கிளும் போதும். ரயரின் அகலம்தான் முக்கியம். 26 அங்குலச் சில்லில் 1.75 முதல் 2 அங்குலம் வரையான ரயர் போடுங்கள். குளக்கட்டு வீதிகளும் வயல் வீதிகளும் பெரும்பாலும் கிறவல், அதாவது செம்மண் சரளை. மெல்லிய ரயர் அதில் வழுக்கும், ரியூப் றிம்மில் நசிந்து இரட்டை ஓட்டை விழும். கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ மாற்று ரயர் வாங்கப் போகிறவர்கள் வெறுமனே "26" என்று கேட்டு வாங்கிவிடக் கூடாது. பெண்கள் ஓடும் சைக்கிளுக்குரிய 26×1⅜ ரயர் மவுண்டன் சைக்கிள் றிம்முக்குப் பொருந்தாது. ரயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று காப்பெட் (தார்) வீதியில் 45 பி.எஸ்.ஐ., கிறவலில் 35. மணல் வந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம், காப்பெட்டுக்கு ஏறியதும் மறக்காமல் அடித்துவிடுங்கள்.

பொதி 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். பின் கரியரில் பாரம் கூடினால் முதலில் உடைவது பின்சில்லில் செயின் பக்கத்துக் கம்பிதான். அந்தக் கம்பியை மாற்ற பிறீவீலை (பின்சில்லின் பற்சக்கரம்) கழற்ற வேண்டும், வழியில் அது நடக்கிற காரியமில்லை. இரண்டு ரியூப், பத்து ஒட்டு, சொலூசன், உப்புத்தாள், ரயர் நெம்பி இரண்டு, பம்ப், பிறேக் கம்பி ஒன்று, செயின் இணைப்பு ஒன்று, கொஞ்சம் பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி. இவ்வளவும் கைவசம் இருந்தால் போதும்.

முள் ஏறினால்

நெருஞ்சி முள் ஒன்றாக ஏறாது, மூன்று நான்காக ஏறும். ஓர் ஓட்டையை ஒட்டிவிட்டு ரயரை மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்றுப்போகும். ரியூப்பை வெளியே எடுத்துக் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றுங்கள். காற்றுக் கசிவது கன்னத்தில் தெரியும். ஒவ்வோர் ஓட்டையையும் பேனையால் வட்டமிடுங்கள். பிறகு ஒரு துணித்துண்டை ரயரின் உட்பக்கமாக முழுச் சுற்றும் ஓடவிடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். துணி எங்கே கொழுவுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெளியே கால் முறிந்து நுனி மட்டும் உள்ளே நிற்கும் முள்தான் ஆட்களை ஏமாற்றுவது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் மினுக்கம் போகும்வரை தேயுங்கள். சொலூசனை மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். வெயிலில் மூன்று நிமிடம், நிழலில் ஐந்து. ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைப்பதால்தான் பாதி ஒட்டுகள் கழன்றுவிடுகின்றன. சொலூசன் குழாயைத் திறந்து சில வாரத்தில் உள்ளே உறைந்துபோகும், ஆகவே திறக்காத ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கள்.

மூன்று பாதைகள்

முதலாவது ஒருநாள் பாதை. மட்டக்களப்பு நகரம், வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். அங்கிருந்து கரடியனாற்றுக்கு ஏறி, பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கி, ஏறாவூர் ஊடாக நகரம். சுமார் 70 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் 9 மணிக்கு முன் குளக்கட்டில் நிற்கலாம். மதியத்தோடு கரடியனாற்றைத் தாண்டிவிடுங்கள்.

இரண்டாவது வாவியைச் சுற்றுவது. ஆரையம்பதியைத் தாண்டி மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் தண்ணீர் நிரப்பி அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி வழியாக மண்டூர். அங்கே வாவியைக் கடக்கப் பாதை ஓடும். இந்தப் பக்கத்தில் 'பாதை' என்றால் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவைக்கும் பெயர். மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைதான் ஓடியது. மண்டூர்த் துறைக்குப் போகுமுன் அன்றைக்குப் பாதை ஓடுகிறதா என்று கோயிலடியிலேயே கேளுங்கள். ஓடாவிட்டால் பட்டிருப்புப் பாலத்துக்குத் திரும்பினால் களுவாஞ்சிகுடி வந்துவிடும். பாதையில் ஏறும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளுங்கள். இரும்புத் தகடு ஈரத்தில் சவர்க்காரம் போல வழுக்கும். நடுவில் நின்று இரண்டு பிறேக்கையும் பிடித்திருங்கள், ஸ்ராண்ட் போட்டு விட்டுவிட வேண்டாம். குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிகுடி பக்கத்தில்தான்.

மூன்றாவதுக்கு மூன்று நாள் வேண்டும். முதல்நாள் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை, காரைதீவு, மாவடிப்பள்ளி ஊடாக அம்பாறை. மேற்கே திரும்பும் துண்டு காரைதீவிலிருந்துதான், அதைப் 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் காலை இங்கினியாகல. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டு அங்கேதான். கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளை விடமாட்டார்கள், நீரில் படகில் போகலாம். பின்னேரம் அம்பாறைக்குத் திரும்பித் தங்குங்கள். மூன்றாம் நாள் இறக்காமம் ஊடாக அக்கரைப்பற்று, பிறகு திருக்கோவில், கோமாரி, பொத்துவில். கோமாரிக்குத் தெற்கே பற்றைக்காடு வரும், அதைப் பின்னேரம் 4 மணிக்கு முன் கடந்துவிட வேண்டும். பொத்துவிலிலிருந்து, யானை நடமாடும் லகுகல வீதியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போவதே நல்லது.

அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற வேண்டாம். மணிகள் சில்லுக்குக் கீழே உருண்டு சைக்கிள் சரியும். அதோடு அது ஒருவருடைய ஒரு போக உழைப்பு. வைக்கோல் பின்சில்லில் சுற்றினால் மிதிக்காமல் உடனே நிறுத்திப் பெடலைப் பின்னுக்குச் சுற்றிக் கையால் உருவுங்கள். தொடர்ந்து மிதித்தால் கியர் கை வளைந்து கம்பிக்குள் போகும்.

யானை

வீதியில் பச்சையாக, ஈரமாக யானை விட்டை கிடந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது. நின்று காதைக் கொடுங்கள். கிளை முறியும் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்புங்கள். யானை தென்பட்டால் குறைந்தது 100 மீற்றர் தள்ளி நில்லுங்கள். மணி அடிக்கவோ படம் எடுக்க முன்னேறவோ கூடாது. பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து, மறித்து, சாரதியிடம் "அண்ணன், யானை நிற்குது, சைக்கிளையும் ஏத்துவீங்களா?" என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் மறுக்கிறவர்கள் குறைவு. வாழைப்பழம், வத்தகப்பழம் எதையும் பொதியில் வைக்காதீர்கள், வாசம் தூரத்துக்கே போகும். குளக்கட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் அடிக்கவே கூடாது. குளிப்பதாக இருந்தால் ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் குளியுங்கள், ஏனென்றால் குளங்களிலும் வாவியிலும் முதலை உண்டு.

கடலோரத்தில் ஓடிய அன்றைக்கே சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். உப்பு ஓர் இரவிலேயே செயினில் துருவைக் காட்டும். கிறவலில் ஓடிய நாளில் கழுவுவதைவிட, காய்ந்த துணியால் செம்புழுதியைத் துடைத்துவிட்டுச் செயினின் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே நிற்கும் எண்ணெயை முழுதாகத் துடைத்தெடுப்பது நல்லது. வெளியே நிற்கும் எண்ணெய்தான் மறுநாள் புழுதியைப் பிடித்துச் செயினை அரைக்கிறது.