‘பாரோ’ என்ற ஆங்கில வினையைப் பிழையின்றிக் கையாளும் முறை

மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே துரட்டி நான்கு தோப்புகளுக்குப் போய்வரும். அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது, என்னிடம் தனிப்பாடம் படித்த மாணவர் ஒருவர் ‘மை அங்கிள் பாரோட் மீ எ போல்’ என்று எழுதினார். கொடுத்தவர் மாமா, பாரோவோ (borrow) கடனாகவோ இரவலாகவோ வாங்குபவருக்குரிய வினை. ‘ஐ பாரோட் எ போல் ஃப்ரம் மை அங்கிள்’ என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் ‘கடன்’ அப்படியே நிற்க, வாங்கு, கொடு என்ற வினைகள் திசையைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் திசை மாறினால் சொல்லே மாறி ‘லெண்ட்’ (lend) ஆகிவிடும்.

ஆகவே எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். ‘மாமாவிடமிருந்து’ என்று வந்தால் பாரோ, அதனுடன் ஃப்ரம். ‘மாமாவுக்கு’ என்று வந்தால் லெண்ட், அதனுடன் டு. ‘லெண்ட் மீ’ என்று பெறுபவரை வினையை ஒட்டியும் வைக்கலாம். பாரோவுக்கு அந்தச் சலுகை இல்லை. பேச்சில் ‘மாமாகிட்ட வாங்கினேன்’, ‘மாமாகிட்ட கொடுத்தேன்’ என்று ‘கிட்ட’ இரண்டு பக்கமும் ஆடுவதால், எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பக்கத்து வீட்டில் ஒரு படி ராகி வாங்கினால், அதையே களி கிண்டித் தின்றுவிட்டு, வேறு ராகியைத்தான் அளந்து திருப்புவோம். துரட்டியோ அதே துரட்டியாகத் திரும்ப வேண்டும். முன்னதைக் கடன் என்றும் பின்னதை இரவல் என்றும், சில நாளில் வட்டியின்றித் திருப்பும் பணத்தைக் கைமாற்று என்றும் நாம் பிரித்துச் சொல்ல, பாரோ மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிடும். ஆனால் அடுத்த வீட்டு ஆட்டுக்கல்லில் மாவாட்டிவிட்டு வந்தால் அது பாரோ ஆகாது, ‘யூஸ்’தான், கூலி கொடுத்துக் கொண்டுவந்த டிராக்டருக்கும் பாரோ பொருந்தாது.

பாரோவின் வேர் பழைய ஆங்கிலத்தில் பிணை, ஈடு என்று பொருள்படும் ‘போர்க்’ என்ற பெயர்ச்சொல். அதிலிருந்து பிறந்த ‘போர்கியன்’ என்ற வினை கொடுப்பதையும் வாங்குவதையும் சேர்த்தே குறித்தது. அதன் உறவான ஜெர்மன் ‘போர்கன்’ இன்றும் அப்படித்தான். என் மாணவர் ஜெர்மனில் எழுதியிருந்தால் நான் அந்த வினையைத் திருத்தியிருக்க மாட்டேன். லெண்டின் இறுதியிலுள்ள ‘ட்’ ஒலி மூலச் சொல்லில் இல்லை. இறந்தகால வடிவத்திலிருந்து இடைக்கால ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நகையை வைத்து நாம் வாங்கும் ‘லோன்’ என்ற சொல்லையும் ஆங்கிலம் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிடமிருந்து கடனாகத்தான் பெற்றது.

‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று பள்ளியில் படித்த கணக்குக்கும் ஆங்கிலத்தில் பாரோவே வரும், பத்தாம் இடத்திலிருந்து வாங்கியதை யாரும் திருப்பித் தருவதில்லை என்றாலும்.