கினிப் பன்றிக்கு நீங்களே கூண்டு செய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கினிப் பன்றிக் கூண்டு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அதற்குப் போதாத அளவில்தான் இருக்கின்றன. அதனால் வீட்டிலேயே செய்துகொள்வது நல்ல யோசனை. கம்பிச் சட்டங்களும் ஒரு பெரிய பிளாஸ்டிக் அட்டையும் கையில் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும். ஆனால் செய்கிறவர்கள் பலரும் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கூண்டை நாம் நிற்கிற உயரத்திலிருந்து பார்த்துச் செய்கிறோம். உள்ளே இருக்கப்போகிற பிராணிக்கோ தரைதான் எல்லாம்.

கினிப் பன்றியின் காட்டுச் சொந்தங்கள் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்பவை. மரம் ஏறாது, அணில் போலத் தாவாது. உயரமான புல்லுக்குள் தாமே மிதித்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்களில் ஓடும். ஆபத்து என்றால் புதருக்குள் மறையும். வீட்டில் வளர்கிற கினிப் பன்றிக்கும் அதே உடல், அதே பயம்.

அதனால்தான் முதல் தவறு இடத்தில் வருகிறது. "இத்தனூண்டு பிராணி, ஒரு பெட்டி போதாதா?" என்று தோன்றும். வளர்ந்த கினிப் பன்றி ஒரு கிலோ எடைக்கு வரும், நேர்க்கோட்டில் ஓட ஆசைப்படும். இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடி தரை வேண்டும். 30 அங்குல அகலமும் 50 அங்குல நீளமும் கொடுத்தால் கிட்டத்தட்ட பத்தரை சதுர அடி கிடைக்கும். நான் அதைத்தான் சொல்வேன். ஒரே பரப்பளவுதான் என்றால் சதுரமாகச் செய்வதைவிட நீளவாக்கில் செய்யுங்கள். ஓடி வந்து, சந்தோஷத்தில் சோளப்பொரி வெடிப்பதுபோல நாலு காலும் தரையைவிட்டு எழும்பக் குதிப்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

இடம் போதவில்லை என்று மேலே ஒரு மாடி கட்டுவது அடுத்த தவறு. மாடி கூடுதல் விளையாட்டு இடம், அவ்வளவுதான். அதன் பரப்பைத் தரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செங்குத்தான ஏணிப் பலகையில் கினிப் பன்றி ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது வழுக்கும். உயரத்திலிருந்து விழுந்தால் அதன் மெல்லிய கால் எலும்பு முறிந்துவிடலாம். மாடி வைத்தே தீர வேண்டுமென்றால் சரிவு மெதுவாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் தடுப்பு இருக்கட்டும், மேலே வழுக்காத துணி ஒட்டுங்கள்.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். கம்பிச் சட்டம் வாங்கும்போது துளையின் அளவைப் பாருங்கள். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. துளை பெரிதாக இருந்தால் குட்டி தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும், கழுத்து இறுகி உயிரே போகலாம். சட்டங்களை பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் இணைக்கிறீர்கள் என்றால், வெட்டிய நுனி கத்தி மாதிரி இருக்கும். அந்த நுனி வெளிப்பக்கம் வரும்படி திருப்பிவிடுங்கள்.

அடித்தட்டுக்கு, விளம்பரப் பலகைகளில் பயன்படுத்துகிற, நடுவில் குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை மிகவும் பொருத்தம். அதைத் தட்டு போல மடிக்கும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மடிப்புக் கோட்டில் அட்டையை முழுசாக வெட்டிவிட்டால் அந்த இடுக்கு வழியாகச் சிறுநீர் இறங்கும், பிறகு என்ன கழுவினாலும் நாற்றம் போகாது. தட்டின் வெளிப்புறமாக வரப்போகிற பக்கத்தில், மேல்தோலை மட்டும் கத்தியால் கீறுங்கள். உள்தோல் அப்படியே இருக்கட்டும். பிறகு சுவரை மேலே தூக்கினால் கீறல் வெளியே வாய் திறக்கும், உள்ளே விரிசல் இருக்காது. சுவர் ஆறு அங்குல உயரம் இருந்தால் புல்லும் புழுக்கையும் வெளியே சிதறாது, குட்டிகளும் கம்பி இடுக்கில் நழுவிப் போகாது.

தரைக்கே கம்பி வலை போடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்று சொல்வேன். புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்று நினைத்துப் போடுகிறார்கள். ஒரு முறை உங்கள் கினிப் பன்றியை நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் முடி கிடையாது. வெறும் தோல், மெத்தென்று இருக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. உடம்பின் பாரம் முழுவதையும் இந்தச் சின்னப் பாதம்தான் தாங்குகிறது. கம்பியிலோ, எப்போதும் ஈரமாக இருக்கிற தரையிலோ நாள் கணக்கில் நின்றால் முதலில் சிவக்கும், பிறகு வீங்கும், பொருக்குக் கட்டும், சீழ் பிடிக்கும். எலும்பு வரை போய்விட்டால் குணப்படுத்துவது ரொம்பக் கஷ்டம். விரலோ காலோ வலையில் சிக்கி முறிவதும் உண்டு. வாரம் ஒரு தடவை பாதத்தைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மேலே என்ன விரிப்பது? தச்சர் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மரத்தூளை அள்ளி வராதீர்கள். தூசி மூச்சுக்குழாயில் போகும். கம்மென்று மணக்கிற தேவதாரு, உலையில் உலர்த்தாத பைன் சீவல்களும் வேண்டாம். நமக்கு வாசனையாகத் தெரிகிற அந்த எண்ணெய்ச் சத்துதான் அதன் சுவாசத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு. பூனை மணலும் ஆகாது, விழுங்கினால் வயிற்றுக்குள் கட்டியாகிவிடும். காகிதக் கூழில் செய்த விரிப்பு நல்லது.

பலர் ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியைப் போடுகிறார்கள். நானும் அதைத்தான் போடுகிறேன். அதில் ஒரு விஷயம் தெரியாமல் ஏமாறுகிறோம். புது ஃப்ளீஸ் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விரித்தால் சிறுநீர் மேலேயே தேங்கி நிற்கும், கினிப் பன்றி அதிலேயே உட்கார்ந்திருக்கும். சுடுநீரில் மூன்று நான்கு முறை துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அது மறுபடியும் தண்ணீரைத் தடுக்கும். பிறகு ஒரு பழைய துண்டின் மேல் ஃப்ளீஸை விரித்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். சட்டென்று மறைந்து அடியில் இருக்கும் துண்டு ஈரமானால் தயார். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள். விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஒளிந்துகொள்ள இடம் கொடுக்காவிட்டால் பயந்து பயந்தே நாள் ஓட்டும். அதைக் கொடுப்பதிலும் ஒரு தவறு உண்டு. என்னிடம் முதலில் இருந்தவை ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும். ஒரு அட்டைப் பெட்டியில் ஒரு வாசல் வெட்டி வைத்தேன். வெள்ளை உள்ளே போனதும் பழுப்பு வந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்கும். வெள்ளை புல் தின்னக்கூட வெளியே வர முடியாமல் மூலையில் ஒடுங்கியிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாது போல என்று பிரித்து வைக்கவே இருந்தேன். அதற்கு முன்னால் பெட்டியின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டி, அதே மாதிரி இரண்டாவது பெட்டியும் வைத்துப் பார்த்தேன். சண்டை அடங்கிவிட்டது. ஒவ்வொரு கினிப் பன்றிக்கும் ஒரு மறைவிடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. அட்டைப் பெட்டியில் ஒட்டுநாடா, கம்பி ஊசி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வையுங்கள், எப்படியும் கடித்துத் தின்னத்தான் போகிறது.

சண்டைக்குப் பயந்து ஒன்றை மட்டும் வளர்ப்பதும் சரியில்லை. கூட்டமாக வாழும் பிராணி அது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றியைத் துணையின்றி வளர்ப்பது சட்டப்படியே கூடாது. ஆணும் பெண்ணும் கலந்துவிடாமல் மட்டும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள், பிறந்த சில வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். துணைக்கு முயலை விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முயலின் ஓர் உதை போதும். அதோடு முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா வரவழைக்கும்.

பழைய கண்ணாடி மீன்தொட்டியைக் கூண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் காற்று ஓடாது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா அடியிலேயே தங்கிவிடும். எந்தக் கூண்டாக இருந்தாலும், மண்டியிட்டு, உங்கள் மூக்கைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத நெடி அங்கே தெரியும். அதற்குள்தான் அது நாள் முழுக்க மூச்சு விடுகிறது.

கூண்டை எங்கே வைப்பது என்பதையும் ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காலையில் நிழலாக இருக்கிற ஜன்னலோரம் மதியம் வெயிலில் காயலாம். கினிப் பன்றிக்கு வியர்க்காது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதமான வெப்பம், 27-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நேர்க் காற்று அடிக்கிற வாசலோரம், புகை வரும் அடுப்படி, டிவி ஸ்பீக்கர் பக்கம் எதுவும் வேண்டாம். நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மூடி கட்டாயம்.

சுற்றும் சக்கரத்தையும் உருட்டுப் பந்தையும் விட்டுவிடுங்கள். வெள்ளெலிக்கு வளைகிற மாதிரி இதன் முதுகெலும்பு வளையாது. பந்து வடிவக் கம்பிக் கூடையில் புல் வைப்பதும் கழுத்துக்கு ஆபத்து. தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் இருப்பதால், ஒரு தட்டில் காகித விரிப்புப் போட்டு அதன் மேலேயே புல்லைக் குவித்து வைத்தால் அழுக்கில் பாதி அங்கேயே சேர்ந்துவிடும். தண்ணீர்ப் புட்டி சொட்டுகிறதா, அடைத்திருக்கிறதா என்று தினமும் அதன் குழாய் நுனியில் இருக்கும் சின்னக் குண்டை விரலால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கூண்டின் நான்கு மூலைக்கும் உங்கள் கை எட்ட வேண்டும். எட்டாத மூலை எப்போதும் அழுக்காகத்தான் இருக்கும். முன்பக்கச் சட்டம் ஒன்றைக் கதவு போலத் திறக்கும்படி விடுங்கள். கினிப் பன்றியின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் பிளாஸ்டிக் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சோப்புக்கு அது மசியாது. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். நன்றாகக் காய்ந்து வினிகர் நெடி போன பிறகே உள்ளே விடுங்கள்.