கை வீங்கிய நாளிலும் வாடாத கீரைத் தோட்டம்: முடக்குவாதம் உள்ளவர்களுக்கு

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டுகள் வீங்கி விறைத்து வலிக்கும் நோய்) வந்தவர்கள் வேலையையும் வீட்டையும் எப்படியாவது இழுத்துப் பிடித்துக்கொள்கிறோம். பிடித்த காரியத்தைத்தான் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறோம். எனக்கு அது செடி வளர்ப்பு. விட வேண்டியதில்லை, செய்யும் விதத்தை மாற்றினால் போதும்.

தோட்டம் போடுகிறவர்கள் உடம்பு நன்றாக இருக்கும் நாளை மனதில் வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். நீங்கள் கை வீங்கிக் கிடக்கும் நாளை மனதில் வையுங்கள். அன்றைக்கு நீங்கள் தொடாவிட்டாலும் செடி பிழைக்க வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

1. நேரத்தைப் பிடியுங்கள்

செடி வேலைக்குக் காலைதான் நல்லது என்பார்கள். நமக்குக் காலையில் விரல் விறைப்பு விட ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அதுவே நல்லது. இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் அசதியும் குமட்டலும் இருக்கும். அந்த நாளில் எந்த வேலையும் வைக்காதீர்கள்.

2. இடமும் உயரமும்

மொட்டை மாடிக்குப் படியேற முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பால்கனி போதும். நாலைந்து மணி நேரம் வெயில் விழுந்தால் கீரை வளரும். செடி வளர்க்கும் பைகளைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெஞ்சு அல்லது இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். காலிப் பையை முதலில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். நிரப்பிய பையைத் தூக்கவே கூடாது.

3. கலவை

தென்னைநார்க் கழிவுக் கட்டி 5 கிலோவிலும் கிடைக்கும், 650 கிராமிலும் கிடைக்கும். சின்னதையே வாங்குங்கள். அதைக் கையால் உடைக்க வேண்டாம். டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டால் தானாகவே உதிர்ந்துவிடும். அதில் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. மண் குறைந்தால் பை கனக்காது.

நம் மருந்துகளில் பல நோய் எதிர்ப்பைக் குறைப்பவை. உரத்தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்வதும், கீறல் உள்ள விரலை மண்ணில் விடுவதும் நமக்கு ஆகாது. கலவையை ஈரமாக்கிய பிறகே கிளறுங்கள். கையுறை, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. கருவிகள்

மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் விரல் மூட்டுக்கு எதிரி. கைக்கொத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிக் கட்டுங்கள். விரல் முழுக்க மடங்காமலே பிடிக்கும் அளவுக்குப் பருமன் வரும். கத்தரிக்கோல் வாங்கும்போது, அழுத்திவிட்டுக் கையைத் தளர்த்தியதும் தானாக விரியும் ஸ்பிரிங் வகையாகப் பாருங்கள். தண்ணீருக்கு வாளி வேண்டாம். 10 லிட்டர் என்றால் 10 கிலோ. ஹோஸ் போடுங்கள். முடியாவிட்டால் அரை லிட்டர் மக்கை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள்.

5. என்ன வைக்கலாம்

முதலில் பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி, புதினா. தண்டை ஒடித்துச் செருகினாலே பிடித்துக்கொள்ளும். அடுத்தது அரைக்கீரை. அதன் விதை கடுகைவிடச் சின்னது, வீங்கிய விரலில் சிக்காது. ஒரு ஸ்பூன் விதையைக் கைப்பிடி மணலோடு கலந்து, பெரிய துளையுள்ள மிளகுத்தூள் டப்பாவில் போட்டுத் தூவிவிடுங்கள். மேலே லேசாக மண் தூவினால் போதும், நாலைந்து நாளில் முளைக்கும்.

தக்காளிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்ட வேண்டும், அதெல்லாம் விரல் வேலை. இப்போதைக்கு வேண்டாம். ரோஜாவும் வேண்டாம், முள் கீறினால் நமக்குச் சீழ் பிடிக்கலாம்.

6. நீங்கள் போகாத நாளுக்கு

கீரை முளைத்து விரல் உயரம் வந்ததும் மண் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள், ஈரம் சீக்கிரம் போகாது. ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு, தண்ணீர் நிரப்பித் தலைகீழாகச் செருகினால் மெல்லக் கசியும். சித்திரை வெயிலுக்கு இதெல்லாம் தாங்காது. "சாயங்காலம் ஹோஸை மட்டும் காட்டிடு" என்று வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

7. நிறுத்துவது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். உடம்பு லேசாக இருக்கும் நாளில் எல்லாப் பையையும் கிளறிவிடத் தோன்றும். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். போனில் 15 நிமிடம் அலாரம் வைத்து, அடித்ததும் பாதி வேலையானாலும் எழுந்துவிடுங்கள். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால், அடுத்த முறை 10 நிமிடமாகக் குறையுங்கள். மூட்டு சூடாக வீங்கியிருந்தால் அன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது மட்டும். அதற்கும் உண்டு ஒரு சுகம். வீக்கம் சில நாளில் வடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

8. அறுவடை

அரைக்கீரை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். பிடுங்காதீர்கள், பிடுங்க மணிக்கட்டு பலம் வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள், திரும்பத் துளிர்க்கும். கீரை ஆய்வதை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு செய்யுங்கள். இரண்டு முறை அறுத்த பிறகும் கை தாங்கினால் இன்னும் ஒரு பை வாங்குங்கள், ஒன்று மட்டும்.