‘ஐரோப்பா முடிவெடுத்தது’ என்ற செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

"ஐரோப்பா அதிரடி முடிவு", "ரஷ்யாவுக்கு ஐரோப்பா எச்சரிக்கை" என்று தலைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: முடிவெடுத்தது யார்? இதற்கு விடை தெரியாமல் மேலே படித்தால் அறிவிப்பைச் சட்டம் என்றும், திட்டத்தைக் கைப்பணம் என்றும் நம்பிவிடுவோம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை நடத்திய நாளிலிருந்து இந்தத் தவறு ஓயாமல் நடக்கிறது. தவறான நம்பிக்கையும் தவறான பயமும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த மேசை?

ராணுவக் கூட்டணியான நேட்டோவில் 32 நாடுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 27. இரண்டிலும் இருப்பவை 23. ஒன்றியத்தில் இருந்தும் நேட்டோவில் சேராதவை ஆஸ்திரியா, அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா. நேட்டோவில் மட்டும் இருப்பவற்றில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், துருக்கி, நார்வே ஆகியவற்றை நினைவில் வைத்தால் போதும். ஃபின்லாந்து 2023 ஏப்ரலிலும் ஸ்வீடன் 2024 மார்ச்சிலும்தான் நேட்டோவில் சேர்ந்தன என்பதால் பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம். வான் ரோந்து, கூட்டுப் படைத் திட்டம் என்றால் அது நேட்டோ. பொருளாதாரத் தடை, கடன் என்றால் ஒன்றியம்.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. மூன்று தனித்தனி அமைப்புகள் மொழிபெயர்ப்பில் ‘ஐரோப்பிய கவுன்சில்’ ஆகிவிடுகின்றன. ‘யூரோப்பியன் கவுன்சில்’ என்பது 27 நாடுகளின் அதிபர்களும் பிரதமர்களும் கூடும் உச்சி மாநாடு. 2024 டிசம்பரிலிருந்து அன்டோனியோ கோஸ்டா அதன் தலைவர். ‘கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன்’ துறை அமைச்சர்களின் கூட்டம்; தடை உத்தரவுகள் சட்டமாவது இங்கேதான். ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இயங்கும் இந்த அமைப்பில் 46 நாடுகள் இருக்கின்றன, மனித உரிமைதான் அதன் வேலை. ரஷ்யா 2022 மார்ச்சில் இதிலிருந்து நீக்கப்பட்டது. "ஐரோப்பா ரஷ்யாவை வெளியேற்றியது" என்று எங்காவது கண்டால் இதைத்தான் சொல்கிறார்கள். ரஷ்யா ஒருநாளும் ஒன்றியத்தில் இருந்ததில்லை.

எத்தனை பேர் சம்மதம்?

ஒன்றியத்தின் வெளியுறவு முடிவுகளுக்குப் பெரும்பாலும் 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு முரண்டு பிடித்தாலே முடிவு நின்றுவிடும். 2023 டிசம்பர் 14 அன்று பிரஸ்ஸல்ஸில் நடந்ததைப் பாருங்கள். உக்ரைனுடன் உறுப்பினர் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பன் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். அறையில் இல்லாதவர் எதிர்த்ததாகக் கணக்கில்லை. உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியையோ அதே கூட்டத்தில் அவர் மறித்தார். அது 2024 பிப்ரவரி 1 அன்றுதான் தேறியது. ஒரே கூட்டம், ஒரே ஆள், இரண்டு விளைவு. அதனால் "ஹங்கேரி எதிர்ப்பு" என்று படித்தவுடன் காரியம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எந்த முடிவை, எந்த வாக்கு முறையில் என்று தேடுங்கள்.

வாக்கு முறையைக் காட்டிக் கொடுப்பது சட்டப் பிரிவின் எண். எல்லோர் சம்மதமும் தேவைப்படாத இடங்களில் ‘தகுதிப் பெரும்பான்மை’ போதும்: குறைந்தது 15 நாடுகள், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதம். ரஷ்ய மத்திய வங்கியின் முடக்கப்பட்ட சொத்து இதற்கு நல்ல பாடம். அந்த முடக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27 நாடுகளும் சேர்ந்து நீட்டிக்க வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தால் பணம் மாஸ்கோவுக்குத் திரும்பிவிடும் என்ற கவலை ஒவ்வொரு முறையும் எழுந்தது. 2025 டிசம்பர் 12 அன்று ஒன்றிய ஒப்பந்தத்தில் நெருக்கடி நிலைகளுக்கான 122ஆம் பிரிவின் கீழ், தகுதிப் பெரும்பான்மையோடு, காலவரையின்றி முடக்கினார்கள். எண் மாறியதால் தனி நாட்டின் மறுப்புக்கு அங்கே வேலையில்லாமல் போனது.

ஆனால் அடுத்த வாரமே எல்லை தெரிந்துவிட்டது. அந்தச் சொத்தை வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுக்கும் யோசனை நிறைவேறவில்லை. பணத்தின் பெரும்பகுதி இருப்பது பிரஸ்ஸல்ஸில் உள்ள, பங்கு, பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் யூரோகிளியர் நிறுவனத்தில். நாளை வழக்கு வந்து தோற்றால் மொத்தச் சுமையும் தன் தலையில் விழும் என்று பெல்ஜியம் பயந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். கடைசியில் ஒன்றியம் தன் பெயரில் சந்தையில் கடன் வாங்கி, 2026, 2027 ஆண்டுகளுக்கு 9,000 கோடி யூரோ தருவதாக முடிவானது.

மற்றத் தடைகளுக்கு ஆறு மாதக் கெடு அப்படியே இருக்கிறது. துறைசார் பொருளாதாரத் தடைகள் ஜனவரி 31, ஜூலை 31 தேதிகளிலும், தனிநபர் பட்டியல் மார்ச் 15, செப்டம்பர் 15 தேதிகளிலும் காலாவதியாகும். இந்த நான்கு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சில வாரங்களில் வரும் "தடை நீங்குமா?" செய்திகள் பெரும்பாலும் பேரத்தின் சத்தம்.

உச்சி மாநாட்டு அறிக்கையில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "முடிவு செய்கிறது" என்றால் முடிவு. "அழைப்பு விடுக்கிறது" என்றால் வேலை வேறொருவர் கையில். "மீண்டும் பரிசீலிக்கும்" என்றால் உடன்பாடு எட்டவில்லை. 2025இல் உக்ரைன் குறித்த சில வாசகங்கள் "27 பேரில் 26 பேர் உறுதியாக ஆதரித்தது" என்ற குறிப்போடு தனித்தாளாக வெளிவந்தன. அவை கூட்டு முடிவுகள் அல்ல.

பணமா, பணத்துக்கான அனுமதியா?

முதலில் சைபரைச் சரிபாருங்கள்: ஒரு பில்லியன் என்பது 100 கோடி. தமிழ்ச் செய்திகளில் அதிகம் வழுக்குவது இந்த இடம்.

2025 மார்ச்சில் ஒன்றியம் அறிவித்த 80,000 கோடி யூரோ பாதுகாப்புத் திட்டத்தைப் பிரித்தால், 65,000 கோடி என்பது ஒரு மதிப்பீடு. உறுப்பு நாடுகள் பட்ஜெட் பற்றாக்குறை விதியைத் தளர்த்திக்கொண்டு, பாதுகாப்புக்காக ஆண்டுதோறும் தம் பொருளாதாரத்தில் 1.5 சதவீதம் வரை நான்கு ஆண்டுகளுக்குக் கூடுதலாகச் செலவழித்தால் சேரக்கூடிய தொகை அது. செலவழிக்காவிட்டால் அந்தப் பணமே கிடையாது. மிச்சம் 15,000 கோடி, ‘சேஃப்’ என்ற கடன் திட்டம். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வாங்கும் ஆயுதத்தின் உதிரிபாகச் செலவில் குறைந்தது 65 சதவீதம் ஒன்றியம், உக்ரைன், நார்வே போன்ற நாடுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

பணம் இருந்தும் பொருள் வராமல் போகலாம். 12 மாதத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் என்று 2023 மார்ச்சில் உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். கெடு முடிந்தபோது கொடுத்தது ஏறக்குறைய பாதிதான். வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு, உற்பத்தி வரிசை போதவில்லை, தொழிற்சாலைகள் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் ஏற்கெனவே மாட்டியிருந்தன. அந்தப் பாதி வராமல்போனது போர்முனையில் உயிர்களைக் கொண்டுபோன விஷயம். எனவே அறிவிப்பு, ஒப்பந்தம், ஒப்படைப்பு என்ற மூன்றில் செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

நேட்டோவின் ‘5 சதவீதம்’ கூட 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் ஏற்ற 2035ஆம் ஆண்டு இலக்கு. நேரடி ராணுவச் செலவு அதில் 3.5தான்; மீதி 1.5 சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு.

வானத்திலும் கடலிலும்

"ரஷ்ய விமானத்தை நேட்டோ விமானங்கள் இடைமறித்தன" என்றால் எல்லை மீறல் நடந்ததாக அர்த்தமில்லை. டிரான்ஸ்பாண்டரை (விமானத்தின் அடையாளத்தை அறிவிக்கும் கருவி) அணைத்துவிட்டுப் பால்டிக் கடலின் சர்வதேச வான்வெளியில் பறக்கும் விமானத்தை அடையாளம் காணப் போவதும் இடைமறிப்புதான். மீறல் வேறு: 2025 செப்டம்பர் 19 அன்று ரஷ்யாவின் மூன்று மிக்-31 போர் விமானங்கள் எஸ்தோனிய வான்வெளியில் 12 நிமிடம் இருந்ததாக அந்நாடு சொன்னது. ரஷ்யா மறுத்தது. எஸ்தோனியா கேட்டது நேட்டோவின் 4ஆம் பிரிவை, அதாவது கூடிப் பேசுவதை. 5ஆம் பிரிவுதான் கூட்டுப் பாதுகாப்பு. 1949 முதல் ஒரே ஒருமுறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மட்டுமே அது கையிலெடுக்கப்பட்டது. அதிலும் ஒவ்வொரு நாடும் தான் தேவை என்று கருதும் உதவியைத்தான் செய்யும். படை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் எழுதப்படவில்லை.

கடலடிக் கேபிள் அறுந்த செய்தி வந்தால், யார் செய்தது என்று ஊகிப்பதற்கு முன் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் என்றால் கரையோர நாட்டின் சட்டம் செல்லும். அதற்கு வெளியே என்றால், கப்பலில் பறக்கும் கொடி எந்த நாட்டுடையது என்பது வழக்கின் தலையெழுத்தை மாற்றிவிடும். 2024 டிசம்பர் 25 அன்று ஃபின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் ‘எஸ்ட்லிங்க் 2’ மின்கேபிள் சேதமடைந்தது. குக் தீவுகளின் கொடியோடு வந்த ‘ஈகிள் எஸ்’ எண்ணெய்க் கப்பலை ஃபின்லாந்து மடக்கிப் பிடித்து, கேப்டன் உட்பட மூவர் மீது வழக்கும் போட்டது. 2025 அக்டோபரில் ஹெல்சின்கி நீதிமன்றம், சேதம் நடந்த இடம் ஃபின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே என்பதால் தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. "விடுதலை" என்று தலைப்பு வைத்திருந்தால் அது தவறு.